ஷட்டரை இறக்காதே, மக்கா

மக்கா,

நேற்று நீ போனில் பேசியதற்கு ஒரு பதிலும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. "எனக்கு முடியல்ல அம்மா, இந்த பேட்ச்சோட மூடீரலாம்னு நெனைக்கேன்" என்று நீ சொன்னபோது உன் கோச்சிங் சென்டரில் ஃபேன் சுற்றுகிற சத்தம் எனக்கு இங்கே பாறசாலையில் கேட்டது. சாயங்கால வகுப்பு நேரம் அது. அந்த நேரத்தில் அந்த அறையில் ஃபேன் சத்தம் கேட்கிறதென்றால் பெஞ்சுகள் காலியாக இருக்கின்றன என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கக் கோச்சிங் எடுத்தவள் நான், எனக்கு அது சொல்லித் தெரிய வேண்டாம். போனில் பேசியிருந்தால் சத்தம் போட்டிருப்பேன். என் தொண்டையும் முன்பு போல் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றதும், "விட்டுக்கள மக்கான்னு எழுது. வயிறும் பிள்ளையுமா இருக்குதவளுக்குப் பகையெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் நல்ல மனிதர். ஆயுள் முழுக்க டிப்போவில் பஸ் ஓட்டி, குறுக்கே வந்தவனுக்கெல்லாம் வழிவிட்டுப் பழகியவர். நான் அப்படி இல்லை. நீயும் அப்படி இருக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை ஒரு முறை வரிசையாக வைத்துப் பார்ப்போம். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அழுகிறவளுக்கு வரிசை குழம்பிவிடும். நீயும் ஷீபாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நெய்யாற்றின்கரையில் கோர்ட் ரோட்டு மாடியில் சேர்ந்து சென்டர் தொடங்கினீர்கள். கணக்கு நீ, ஆங்கிலமும் பொது அறிவும் அவள். அரசு வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் நம்பி வந்தார்கள். உனக்கு நாள் தள்ளிப்போனபோது மாமியாரிடம் சொல்வதற்கு முன்பே அவளிடம் சொன்னாய். அவள் உன்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி விலகினாள். அதே தெருவில், மூன்று கடை தள்ளி, சொந்தமாக ஒரு போர்டு வைத்தாள். வைத்த கையோடு உன் பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் செய்தாள். "டீச்சர் பிரசவத்துக்குப் போயிருவாங்க. பரீட்சை நேரத்தில கிளாஸ் எடுக்க ஆளு காணாது. பிள்ளைக்க ஒரு வருசம் வீணாப்போவும், பாத்துக்கிடுங்க." பாதிப் பேர் போய்விட்டார்கள்.

போட்டிக்குக் கடை போட்டதை நான் மன்னிப்பேன். நானும் போட்டவள்தான். உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையை வைத்து அவள் வியாபாரம் செய்தாளே, அதை மன்னிக்க மாட்டேன். நீயும் மன்னிக்காதே. அழுகையில் அதைக் கரைத்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொள். அது உனக்கு வேலை செய்யும். எனக்குச் செய்தது.

சுகுமாரன் சாரைப் பற்றி நீ அரையும் குறையுமாகக் கேட்டிருப்பாய். முழுதாக நான் சொன்னதில்லை. உனக்கு விவரம் தெரியாத வயதில் நெய்யாற்றின்கரையில் அவருடைய இன்ஸ்டிட்யூட்டில் நான் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பி.எஸ்.சி. என்றால் இந்தத் தாலுகாவில் அவர்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் பேசுவேன், ஆனால் நம்முடைய இழுப்பு அதில் இருக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கணக்கு புரிந்தது, அவர்களுக்கு அது போதும். ஒருநாள் அவர்கள் கூட்டமாக ஆபீஸுக்குப் போய், பரீட்சைக்கு முந்திய மெயின் பேட்ச்சுக்கும் டீச்சரே கணக்கு எடுக்கட்டும் என்று கேட்டார்கள். அந்த பேட்ச் சாருடையது. அவருடைய கௌரவமே அதில்தான் இருந்தது.

மறுநாள் நான் போர்டில் வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக வந்து நின்றார். நான் ஏதோ ஒரு வார்த்தையை நம் உச்சரிப்பில் சொன்னேன். "டீச்சரே, இது களியிக்காவிளை சந்தையல்லா, க்ளாஸாணு" என்றார். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சந்தை இல்லையாம் இது, வகுப்பாம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. நான் சொன்ன வார்த்தையை என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினார். இன்னும் பெரிய சிரிப்பு. என் கையில் சாக்பீஸ் இருந்தது, கணக்கு பாதியில் நின்றது. எனக்குக் கண் இருட்டியது. ஆனால் அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை எழுதினேன். அதற்கடுத்த வரியை எழுதினேன். விடையை எழுதி அடியில் கோடு போட்டுவிட்டுத்தான் திரும்பினேன். தைரியம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே மக்கா, எனக்குத் தெரிந்த தைரியம் அவ்வளவுதான். கை நடுங்குவதை நிறுத்த எனக்கு இன்றைக்கும் தெரியாது. நடுங்குகிற கை அடுத்து எதை எழுத வேண்டும் என்பதை வீட்டிலேயே தயார் செய்துவிட்டுப் போக மட்டும் தெரியும். அன்று வகுப்பு முடிந்ததும், அடுத்த மாதம் முதல் வர வேண்டாம் என்று ஆபீஸில் சொன்னார்கள்.

பாறசாலையில் பேக்கரிக்கு மேலே சொந்தமாக வகுப்பு நடத்த அறை எடுத்ததும் அதன் பிறகுதான். கீழே பஃப்ஸ் வேகிற வாசனை, மேலே நானும் நாலைந்து பெண்பிள்ளைகளும். "ஆ தமிழத்தியின்றெ கட ஓணம் வரெ ஓடூலா" என்று சார் சொன்னதாக என் காதுக்கு வந்தது. இந்தத் தமிழ்க்காரியின் கடை ஓணம்கூடத் தாண்டாதாம். நான் அவர் சென்டருக்குப் போய்ச் சண்டை போடவில்லை. யாரிடமும் அவரைப் பற்றிக் குறை சொல்லவும் இல்லை. அவர் எங்கே அசட்டையாக இருக்கிறார் என்று உட்கார்ந்து யோசித்தேன். பகை இருந்தால் மனிதனுக்குக் கண் கூர்மையாகும்.

பஸ்ஸில்தான் அவர் அசட்டையாக இருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். வகுப்பு நீண்டுகொண்டே போகும். பொழியூரிலிருந்து வருகிற பெண்பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டு ஸ்டாண்டில் நிற்பார்கள். கடலுக்குப் போய் வந்த அப்பன் பைக்கை எடுத்துக்கொண்டு தேடி வர வேண்டும். உன் அப்பாவை உட்கார வைத்து எந்தப் பஸ் எந்த ஊருக்கு எப்போது போகிறது என்று முழுக்கக் கேட்டுக்கொண்டேன். அதை வைத்துத்தான் என் டைம்டேபிளைப் போட்டேன். பாடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் பஸ் வருவதற்கு முன் பிள்ளை ஸ்டாப்பில் நிற்கும். ஒரு நாள்கூட மாற்றவில்லை. முதலில் பொழியூர்த் தாய்மார்கள்தான் இதைக் கவனித்தார்கள். "அந்த டீச்சர்ட்ட விட்டா பிள்ளை இருட்டுக்கு மின்ன வந்திரும்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல, கடற்கரையிலிருந்து ஒரு பஸ்ஸே எனக்கு வந்தது. அத்தனையும் அவரிடம் போக வேண்டிய பிள்ளைகள். ஒழுங்கு என்றால் உங்கள் தலைமுறை கலர் பேனாவும் ஸ்டிக்கரும் என்று நினைக்கிறது. மற்றவர்களின் நேரத்தை உன் நேரமாக நினைப்பதற்குப் பெயர்தான் ஒழுங்கு. அதை ஆயுதமாகவும் எடுக்கலாம். நான் எடுத்தேன்.

அடுத்து லீலா டீச்சர். சாரின் இன்ஸ்டிட்யூட்டில் மலையாளம் எடுத்துக்கொண்டிருந்தவர். அன்று பிள்ளைகள் சிரித்தபோது சிரிக்காமல் நின்றவர் அவர் ஒருவர்தான். என் மலையாளத்தைத்தானே சார் கிண்டல் செய்தார், அவருடைய மலையாளத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்று நேரே லீலா டீச்சர் வீட்டுக்குப் போனேன். "டீச்சருக்க சௌகரியம் எப்பமோ அப்பம் கிளாஸ் வச்சுக்கிடலாம். நீங்க எடுக்கும்போ நான் உள்ள வரமாட்டேன். ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்து நிற்பதை அவரிடமும் சார் செய்திருக்கிறார். அடுத்த மாதமே லீலா டீச்சர் பேக்கரி மாடி ஏறினார். நீ இப்போது ஆங்கிலத்துக்கு ஆள் தேடும்போது இதை நினைத்துக்கொள். ஆளை விலை பேசாதே. அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று பார், அந்த வலி இல்லாத இடத்தை உன்னிடம் வைத்திரு.

இனி பார்வதி. இதைத்தான் உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. ஒரு மதியம் அந்தப் பெண் படியேறி வந்து வாசலில் நின்றாள். முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. "கணக்கு படிக்கணும் டீச்சர்" என்றாள். அப்பா பேரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சுகுமாரன் சாரின் மகள். சொந்த அப்பாவின் இன்ஸ்டிட்யூட்டில் படித்தும் பி.எஸ்.சி. தேர்ச்சி லிஸ்ட்டில் பேர் வரவில்லை. வரவில்லை என்பதை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் எழுந்து நின்று சொல்லச் சொல்லியிருக்கிறார். அவள் பேசுவதையும் அதே மாதிரி இழுத்துக் காட்டியிருக்கிறார். திக்கும் அவளுக்கு, கொஞ்சம்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். "உனக்க அச்சன்ட்டயே போய்ப் படி மோளே" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வாய் வரை வந்துவிட்டது. பிறகு யோசித்தேன். திருப்பி அனுப்பினால் அந்தச் சந்தோஷம் சாயங்காலக் காப்பி வரை நிற்கும். இவளை ஜெயிக்க வைத்தால்? அவரால் முடியாததை, அவர் வீட்டுப் பிள்ளையிடமே, சந்தைக்காரி செய்து காட்டினால்? "உள்ள வா" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் எடுத்த மாதிரி உனக்குக்கூட எடுத்ததில்லை. முன்வரிசையில் உட்கார வைத்தேன். கேள்வி கேட்டால் அவள் சொல்லி முடிக்கும் வரை வகுப்பு முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சிரித்தவனை வெளியே நிறுத்தினேன். அவள்மேல் எனக்கிருந்த பிரியத்தில் பாதி அவள் அப்பன்மேல் இருந்த பகை. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிள்ளை படித்தாள். அடுத்த லிஸ்ட்டில், மேலேயே, பேர் வந்தது.

ஜெயித்த பிள்ளைகளின் படத்தை ஃப்ளெக்ஸ் அடித்து வைப்பது எல்லா சென்டரும் செய்வதுதான். பார்வதி படத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டில பிரச்சினை ஆவும்னா வேண்டாம் மக்கா" என்றேன். அவள் திக்காமல் சொன்னாள்: "வைக்கணும் டீச்சர். அச்சனுக்க வாசலுக்கு நேரே வைக்கணும்."

வைத்தேன். நெய்யாற்றின்கரையில், அவர் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிர்ப்பக்கம், அவர் கார் நிறுத்துகிற இடத்துக்கு நேராக. பார்வதியின் முகம் பெரிதாக, கீழே பாறசாலை சென்டர் பெயர், அதன் கீழே 'கணக்கு' என்று போட்டு என் பெயர். பக்கத்து டீக்கடையில் நின்று பழம்பொரி தின்றுகொண்டே நான் காத்திருந்தேன். உன் அப்பா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்து, எனக்குப் பின்னால் மறைந்து நின்றார். சார் காரிலிருந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரோட்டைக் கடந்து வந்து, மெதுவாக, "டீச்சர், அதொந்நு மாற்றாமோ?" என்று கேட்டார். எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார், மக்கா, அந்த மனிதர், என்னிடம்.

நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டேன். டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, அவர் அன்று இழுத்துக் காட்டிய அதே இழுப்பில், என் களியிக்காவிளை மலையாளத்தில் முடியாது என்றேன்: "மாற்றூலா சாரே."

பழி வாங்கினால் மனசு வெறிச்சோடிப் போகும் என்று சொல்வார்கள். அவர்கள் ஒழுங்காகப் பழி வாங்காதவர்கள். எனக்கு அன்று வெறிச்சென்று இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மீன்கறி வைத்து, ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். பார்வதியோடு அவர் பல மாதம் பேசவில்லை என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் உறுத்தியது. அவளிடமே சொன்னேன். "மின்னயும் அவரு பேசினதில்ல டீச்சர், ஏசுவாரு. இப்பம் வீடு அமைதியா உண்டு" என்று சிரித்தாள். இன்று தாலுகா ஆபீஸில் இருக்கிறாள். சாரின் இன்ஸ்டிட்யூட் இருந்த இடத்தில் மொபைல் கடை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிப் பார்க்கத் தவறுவதில்லை.

போன வாரம் பாலராமபுரத்தில், உனக்கு வளைகாப்புக்குக் கைத்தறி நேரியல் துணி எடுக்கப் போன கடையில், ஷீபாவைப் பார்த்தேன். ஒளிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவளே வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மாக்கு எனக்க மேல தேச்சியமா?"

"தேச்சியம் ஆக்கும்" என்றேன், கோபத்தை மறைக்காமல்.

"அவ நல்லதுக்குத்தாம்மா நான் செய்தேன். இந்த நேரத்தில அவ ரெஸ்ட் எடுக்காண்டாமா? பிள்ளை பெத்து எழும்பி வரட்டு. அப்பம் அவளுக்கு எனக்க சென்டரில ஒரு பேட்ச் தாறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னைத் தள்ளிவிட்டதும் இல்லாமல் உனக்கு வேலை போட்டுத் தருகிறாளாம். "உனக்க மனசு பெரிய மனசு மக்களே" என்று சொல்லிவிட்டு, அவள் வாயைக் கிளறினேன். உன் பிரசவ தேதியை அவள் மறக்கவே இல்லை. அதே வாரத்தில் இலவச வகுப்பு வைத்திருக்கிறாள். உன் ஷட்டர் இறங்கியதும் மிச்சப் பிள்ளைகளையும் ஒன்றாக அள்ளிக்கொள்ளலாம் என்று கணக்கு. அவள் கணக்கில் எப்போதுமே வீக், உனக்குத் தெரியுமே.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தையும் எழுதாதே, அங்கே அழுகை சிரிப்பாகிவிடும். இருக்கிற பிள்ளைகளின் வீட்டுக்கு, போனவர்களின் வீட்டுக்கும்கூட, நீயே போன் செய். மறைக்காதே. "எனக்குப் பிரசவம் இன்ன மாசம். அந்த மாசத்துக் கிளாஸை யாரு எடுப்பாங்க, எப்பம் எடுப்பாங்கன்னு இப்பமே சொல்லுதேன்" என்று சொல். அவள் ரகசியமாகச் சொல்லிப் பயமுறுத்தியதை நீ சத்தமாகச் சொல்லிவிட்டால் அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. பரீட்சை வரைக்குமான டைம்டேபிளை இந்த வாரமே போட்டுச் சுவரில் ஒட்டு. ஒவ்வொரு நாளுக்கும் எந்தப் பாடம், யார், எந்தப் பஸ்ஸுக்கு முன்னால் முடியும் என்று இருக்க வேண்டும். மாதிரி வினாத்தாள்களையெல்லாம் உடம்பு தெம்பாக இருக்கும்போதே அடித்து வைத்துவிடு. உன் தலைக்குள் மட்டும் இருக்கிற எதையும் அங்கேயே விடாதே, உனக்கு மயக்க ஊசி போடும்போது அது யாருக்கும் உதவாது. போர்டு பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள். உட்கார்ந்து எடு. வயிறு தெரியட்டும், இழுத்து மூடாதே. ஆங்கிலத்துக்கு லீலா டீச்சர் ஒரு பிள்ளையைச் சொல்லியிருக்கிறார், நான் பேசிவிட்டேன்.

கணக்குக்கு நான் வாறேன். டாக்டர் தொண்டைக்கு ஓய்வு சொல்லியிருக்கிறார்தான். காலரில் குத்துகிற சின்ன மைக் வாங்கியாயிற்று. உன் அப்பாவை அடுத்த அறையில் நிறுத்தி, சத்தம் போடாமல் பேசிப் பார்த்துவிட்டேன். "முன்னத்தக்காட்டி மோசமா மிரட்டுதே" என்கிறார்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நீ மனசு நோகக் கூடாது. உனக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது உன் மாப்பிள்ளை கூட இருப்பார். உன் மாமியார் இருப்பார். உன் அப்பா வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார். நான் இருக்க மாட்டேன். எல்லாப் பெண்களுக்கும் அம்மா வந்து நிற்பாளே என்று உனக்குத் தோன்றும். உன் அம்மா அந்த நேரத்தில் கோர்ட் ரோட்டு மாடியில் நின்று, மூன்று கடை தள்ளி உட்கார்ந்திருக்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி மைக்கைக் கூட்டிவைத்து, வட்டிக் கணக்கு எடுத்துக்கொண்டிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதை நினைத்துக்கொள், வலி கொஞ்சம் தாங்கும்.

பஸ் நேரம் பார்த்து வகுப்பை முடித்துவிட்டு வருவேன். சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். பிள்ளையை என் கையில் தருவதற்கு முன்னால், இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று என்னைக் கேள். ஒருத்தரும் குறையவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன்.

உன் அம்மா